ஜன்னல் வழியாக ஏறிய பயணி

புதுச்சேரிக்கு ஆறு மாத வேலையாகப் போகிறேன் என்றதும் மலேசியாவில், எங்கள் கிள்ளானில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க பிரெஞ்சு பேசுவாங்களே, நீ என்ன செய்வ?" என் அக்கா ஒருபடி மேலே போய், பிரெஞ்சு கற்றுத்தரும் செயலி ஒன்றை என் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தாள். விமானம் ஏறும்வரை வணக்கம், நன்றி, கழிவறை எங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வந்து இறங்கிய பிறகு எனக்கு அன்றாடம் தேவைப்பட்ட வாக்கியமோ, "கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்பதுதான்.

நான் வேலை பார்ப்பது ரப்பர் பட்டைகள் செய்யும் கம்பெனியில். கார் கதவு ஓரங்களில் தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டியிருப்பார்களே, அந்தக் கறுப்புப் பட்டை. சேதராப்பட்டில் எங்களுக்கு ஒரு கூட்டுத் தொழிற்சாலை உண்டு. அங்கே தரச் சோதனையைச் சீர்படுத்தத்தான் என்னை அனுப்பினார்கள். தங்குவதற்குப் புதுச்சேரியின் சாரம் பகுதியில் ஒரு மாடி வீடு கொடுத்தார்கள். போய்வர கார் உண்டு என்றார்கள். காரும் இருந்தது, ஓட்டுநர்தான் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்குப் பஸ் பிடித்துப்போய்விட்டது.

முதல் திங்கட்கிழமை வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை நடந்ததே ஒரு சுற்றுலா. தெருமுனைக்குத் தெருமுனை பேனர்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வயதுக் குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து; அதைச் சுற்றி மாமன், சித்தப்பன், அவர்களுடைய நண்பர்கள் என்று ஒரு பட்டாளத்தின் முகங்கள். பக்கத்தில் அதே அளவில், அதே பூ வேலைப்பாட்டோடு இன்னொரு பேனர். அதில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாமே என்று, "இவருக்கு எத்தனாவது பிறந்தநாளு?" என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அவரு பூட்டாருக்கா. நாளைக்கி கருமாதி" என்றார். அதன் பிறகு பேனர்களை முழுதாகப் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தேன்.

டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கிளாஸ் தே தாரேக் குடித்தால் மதியம்வரை தாங்கும். இங்கே டம்ளர் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குடித்தேன் என்று நினைப்பதற்குள் காலியாகிவிடும். ஆனால் பக்கத்துக் கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த வடகறிக்காகவே நான் ஆறு மாதத்தை எட்டு மாதமாக நீட்டக் கேட்டிருப்பேன். பேக்கரியில் கை நீளத்துக்கு ரொட்டி அடுக்கியிருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லுங்கி கட்டிய ஒருவர் சைக்கிளில் போனார். பிரெஞ்சுக்காரர் ஊர் என்பதற்கு அந்த வாரம் நான் கண்ட சாட்சியம் அந்த ரொட்டியும், சிக்னலில் நின்ற போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும்தான்.

இனி பஸ். கிள்ளானில் வரிசையில் நிற்போம், அட்டையைத் தட்டுவோம், உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்போம். பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டோம். இங்கே சேதராப்பட்டு வழியாக மயிலம் போகிற பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, துண்டு, சாப்பாட்டுப் பை எல்லாம் உள்ளே பறக்கின்றன. எது முதலில் சீட்டில் விழுகிறதோ அதன் சொந்தக்காரருக்கு இடம். அதைப்பற்றிச் சண்டையே வராது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த என்னை ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாக்கா, நின்னுனே வர்ற? ஒட்டி உக்காரு." அவள்தான் சுகன்யா. எங்கள் தொழிற்சாலையிலேயே பட்டைகளை வெட்டும் பிரிவில் இருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தவளக்குப்பத்திலிருந்து ஒரு பஸ், புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து இன்னொரு பஸ் என்று வருகிறவள். மறுநாளிலிருந்து ஜன்னலோர சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி மாணவன் ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் தன் பையை என் மடியில் வைத்தான். எங்கள் ஊராக இருந்தால் பாதுகாவலரைக் கூப்பிட்டிருப்பேன். சுகன்யா சிரித்தாள். "அவன் நிக்கறான் இல்ல, நீ உக்காந்துனு இருக்க. நீதான வெச்சிக்கணும்?" வாரம் முடிவதற்குள் என் மடி முறுக்குப் பொட்டலம், முருங்கைக்காய்க் கட்டு, புத்தம்புது பிரஷர் குக்கர் எல்லாவற்றையும் சுமந்துவிட்டது. கொடுத்தவர்கள் யாரும் தங்கள் சாமானைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இறங்கும்போது கையை நீட்டுவார்கள், எடுத்துக் கொடுப்பேன்.

குழந்தைகளும் அப்படித்தான். கூட்டத்தில் ஏற முடியாத அம்மாக்கள் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுவார்கள். யாராவது வாங்கிக்கொள்வார்கள். அம்மா பின்வாசலில் ஏறி எங்கோ நின்று வருவாள். இறங்கும்போது வந்து வாங்கிக்கொள்வாள். எனக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமும் இல்லை. யாரும் என்னை நம்பி ஒரு குழந்தையைக் கொடுத்ததும் இல்லை. இரண்டாவது வாரம் ஒரு பையன் என் மடியில் உட்கார்ந்து, என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டே வந்தான். அவன் இறங்கிப்போன பிறகு எனக்கு அன்று முழுவதும் ஒரே சந்தோஷம். காரணம் இல்லாமல் கம்பெனி மேலாளருக்குக்கூட நல்ல வார்த்தை சொன்னேன்.

பஸ்ஸில் என்னை எல்லோரும் விசாரித்தார்கள். "எந்த ஊரு?" மலேசியா என்றேன். அது பதிலாகவில்லை. "அதுக்கு முன்னாடி?" தாத்தாவுக்குத் திண்டிவனம் பக்கம் என்றேன். "அங்க எந்தத் தெரு?" தெரியாது என்றதும் கேட்டவர் ஏமாந்துபோனார். தெருவைத் தெரிந்து என்ன செய்யப்போகிறார் என்று சுகன்யாவிடம் கேட்டேன். "தெருவச் சொன்னா நீ யாருன்னு தெரிஞ்சிடும் இல்ல" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி எனக்கு ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். அவளுக்கு நாலு மாதத்தில் ஒரு மகன். காண்டிராக்ட் வேலை என்பதால் லீவை நீட்ட முடியாமல் சீக்கிரமே திரும்பிவிட்டாள். பகலில் மாமியார் பவுடர் பால் கரைத்துக் கொடுக்கிறார். அவனுக்கு அது பிடிக்கவில்லை, பாட்டிலை நாக்கால் தள்ளுகிறான். அந்த மாமியார் வைத்த மீன் குழம்பை இன்னொரு கட்டுரையில்தான் எழுத வேண்டும். மீன் வாங்கியதையும் பார்த்தேன். மீன்கார அம்மா கேட்டுக்கு வெளியிலேயே அன்னக்கூடையை இறக்கினார். மாமியார் உள்ளே நின்றபடி பேரம் பேசினார். மீன் உள்ளே வந்தது. வெயிலில் நின்ற அந்த அம்மாவுக்குத் தண்ணீர் தனிச் சொம்பில் போயிற்று.

"பத்து மணிக்கெல்லாம் மாரு கட்டிக்கும்க்கா" என்று அவள் ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். "பாத்ரூம்ல போயி பீச்சி உட்டுட்டு வருவேன். அங்க புள்ள அழுவுது, இங்க நான் தண்ணிய ஊத்தி கழுவறேன்." சீருடைக்குள் எப்போதும் ஒரு துணியை மடித்து வைத்திருப்பாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முகூர்த்த நாள், பஸ்ஸில் பூ வாசனையும் பட்டுப்புடவையுமாக மூச்சு முட்டியது. சாரத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் ஜன்னல் வழியாக இரண்டு கைகள் ஒரு குழந்தையை நீட்டின. "கொஞ்சம் வாங்கிக்கக்கா." வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். கன்னத்தில் மைப்பொட்டு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். என் பச்சைக்கல் வளையலைப் பிடித்துக் கடிக்க ஆரம்பித்தது. விசில் சத்தம் கேட்டது. பஸ் கிளம்பியது. ஓட்டுநர் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் நான் அவ்வளவு தேறிவிட்டேன். புதிதாக வந்த நாளாக இருந்தால் கழுத்தை நீட்டி அம்மாவைத் தேடியிருப்பேன். இப்போது உள்ளூர்க்காரியைப்போலக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். சுகன்யாவும் கேட்கவில்லை. அம்மா பின்னால் நிற்பாள் என்பதில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி. சேதராப்பட்டு போகிறவர்கள் தினமும் இப்படி மாநிலம் விட்டு மாநிலம் போய், பிறகு புறப்பட்ட மாநிலத்துக்கே வந்து சேர்கிறோம். தமிழ்நாட்டுப் பகுதிக்குள் வந்தபோது குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பிறகு வீறிட்டது. நான் பின்னால் திரும்பி, "குழந்தையோட அம்மா யாரு? பசிக்குது போல" என்றேன். பதில் இல்லை. சுகன்யா எழுந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கத்தினாள். "யாருதும்மா கொழந்த? பச்ச சட்ட போட்ட கொழந்த." முன்வாசலிலிருந்து யாரோ, "இங்க இல்ல" என்றார்கள். பின்வாசலிலிருந்தும் அதையே சொன்னார்கள்.

ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். வண்டியை ஓரம் கட்டினார்.

அந்த நிமிடம் எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: அந்த அம்மா ரோட்டில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறாள், அவள் உயிர் என் மடியில் இருக்கிறது, அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. ஜன்னலில் நான் பார்த்தது குழந்தையைத்தான். அவளைப் பார்க்கவே இல்லை.

நடத்துநர் நடுவயதுக்காரர். "முன்வாசல்ல ஏறிட்டான்னு நெனச்சேன். விசில் அடிச்சிட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். போலீஸில் ஒப்படைக்கலாம் என்றார் ஒருவர். எந்தப் போலீஸ் என்று பிரச்சினை வந்தது. "ஏறனது பாண்டி. நிக்கறது தமிழ்நாடு லிமிட்டு. இவங்க அவங்களப் போய்ப் பாருன்னுவாங்க." ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போகலாம் என்று நான் எழுந்தேன். சுகன்யா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீ எங்கயும் போவாதக்கா. அவ இந்த பஸ்ஸத்தான் தேடுவா. நீ அந்தாண்ட போனா அவ இந்தாண்ட வந்துடுவா. கொழந்த ஏறன வண்டி எங்க நிக்குதோ அங்கதான் கொழந்த இருக்கணும்."

அதுதான் சரி என்று பஸ்ஸே ஒப்புக்கொண்டது. பஸ் நின்றால் எல்லோருக்கும் தாமதம். தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் பாதி, முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் பாதி. ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முனகினார். "ஓம் புள்ளயா இருந்தா?" என்று ஒரு பட்டுப்புடவை அம்மா கேட்டார். முனகியவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஓட்டுநர் பின்னால் வரும் பஸ்ஸின் ஓட்டுநருக்குப் போன் போட்டார். அந்த வண்டியில் அப்படி யாரும் இல்லை. நடத்துநர், நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் பழக்கடைக்காரரைப் போனில் பிடித்தார். ஒரு பெண் அழுதுகொண்டே ஓடினாள், இன்னொரு சின்னப் பெண்ணும் கூட இருந்தது, யாரோ ஒரு பெரியவர் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார் என்றார் அவர். அப்படியானால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். பின்னால் வந்த பஸ்ஸும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. மொபெட்டைக் காணோம்.

குழந்தையின் அழுகை இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. குரல் கம்மி, மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதது. என் வளையலைக் கொடுத்தேன், தட்டிவிட்டது. யாரோ பிஸ்கட் நீட்டினார்கள். "பல்லே மொளைக்கல, பிஸ்கோத்து எதுக்கு" என்று இன்னொருவர் அதட்டினார். நான் செய்யத் தெரியாததையெல்லாம் செய்து பார்த்தேன். பக்கத்தில் சுகன்யா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் சீருடையின் முன்பக்கம் நனைந்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். குழந்தை அழ அழ அந்த ஈரம் பரவியது.

"குடுக்கா" என்றாள்.

நான் கொடுத்தேன். பட்டுப்புடவை அம்மா தன் முந்தானையை விரித்து மறைத்துப் பிடித்தார். நடத்துநர் ஆண்களைப் பார்த்து, "கொஞ்சம் கீழ எறங்கி நில்லுங்கப்பா" என்றார். கடிகாரக்காரர்தான் முதலில் இறங்கினார். அழுகை நின்றது. பஸ்ஸுக்குள் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழந்தை விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எந்த ஊர்க் குழந்தை, எந்தத் தெருக் குழந்தை என்று அன்று யாரும் கேட்கவில்லை. சுகன்யா குனிந்தே இருந்தாள். அவள் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் குழந்தையின் காதில் விழுந்தது, துடைத்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதேன், வெட்கப்படவில்லை.

கீழே நின்ற ஆண்கள் சத்தம் போட்டார்கள். தூரத்தில் ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஓட்ட, பின்னால் ஒரு பெண், நடுவில் ஒரு சிறுமி, சிறுமியின் கையில் ஒரே ஒரு செருப்பு. கதை பிறகுதான் தெரிந்தது. குழந்தையை உள்ளே கொடுத்துவிட்டு மூத்த பெண்ணைத் தூக்கும்போது அதன் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பெரியவர் துரத்திப் பிடித்தது திண்டிவனம் போகிற பஸ்ஸை. அதை மறித்ததும் இவள் உள்ளே ஏறி, பச்சை வளையல் போட்ட பொம்பள எங்கே என்று ஒவ்வொரு கையாகப் பார்த்திருக்கிறாள். என் முகம் அவளுக்கும் தெரியாது. வளையல்தான் தெரியும்.

வண்டி நிற்குமுன் குதித்து ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து, புடவை ரோட்டில் புரண்டது. படியேறி வந்தவள் என் கையைப் பார்த்தாள், கை காலியாக இருந்தது. அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். பக்கத்தைக் காட்டினேன். பட்டுப்புடவை அம்மா முந்தானையை விலக்கினார்.

சுகன்யா பதறி, குழந்தையின் வாயிலிருந்து விடுவிக்கப் போனாள். தாய் அவள் தோளில் கை வைத்தாள்.

"இரு. குடிக்கட்டும். நடுவுல புடுங்காத, ஏங்கிப்பூடும்."

அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து, சுகன்யாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். மூத்த பெண் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றது. நடத்துநர் வந்து, "தப்பு எம்மேலதாம்மா" என்றார். "நீ சும்மா இருய்யா" என்றாள் அவள். "ஜன்னல்ல குடுத்தது நானு." நான் இறங்கிப்போய் அந்தப் பெரியவருக்கு நன்றி சொன்னேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். "த ரியேன், த ரியேன்" என்று கையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். ஒன்றுமில்லை, விடுங்கள் என்று அர்த்தமாம். செயலியில் அதுவரை நான் போயிருக்கவில்லை.

பஸ் கிளம்பியது. பாட்டு வைக்கவில்லை. குழந்தை குடித்து முடித்துத் தூங்கிவிட்டது. தாய் அதை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். மயிலத்தில் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்தாம். முந்தின நாள் லாஸ்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். பெயர் கஸ்தூரி.

"ஒனக்கு எத்தினி புள்ளக்கா?" என்று சுகன்யாவைக் கேட்டாள்.

"ஒண்ணுதான். நாலு மாசம். தவளக்குப்பத்துல மாமியாகிட்ட இருக்கறான்."

"தவளக்குப்பமா? நாங்க நல்லவாடு. பக்கத்துலதான்." கஸ்தூரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒங்க மார்க்கெட்டுலதான் நான் மீனு விக்கறது. அவன் பகல்ல இன்னா குடிக்கறான்?"

"பவுடரு. குடிக்கவே மாட்டறான்."

கஸ்தூரி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சாதாரணமாக, மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "பதினோரு மணிக்கெல்லாம் எனக்கு வித்துப்பூடும். போற வழியில நின்னு ஒம்புள்ளைக்கி ஒரு வாட்டி குடுத்துட்டுப் போறேன். எனக்கு ரெண்டு புள்ளைக்கி ஊறுது. வீடு எதுன்னு சொல்லு."

அது மரியாதைக்குச் சொன்ன பேச்சு அல்ல. பதிலுக்காகக் காத்திருந்தாள். முன்சீட்டில் இருந்த பட்டுப்புடவை அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். சுகன்யா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். மாமியார் ஞாபகம் வந்திருக்கும். கேட்டுக்கு வெளியே இறங்கிய அந்தக் கூடை எனக்கே ஞாபகம் வந்தது. சேதராப்பட்டு நெருங்கிவிட்டது, எங்கள் ஆட்கள் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். வேண்டாம், எதற்கு உனக்குச் சிரமம் என்று ஏதாவது நாசூக்காகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சுகன்யா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தூங்கும் குழந்தையின் காலை ஒருமுறை பிடித்துப் பார்த்தாள்.

"ரேஷன் கட சந்துல மூணாவது வீடு" என்றாள். "நீலக் கலரு கேட்டு. எங்க அத்தகிட்ட நான் ராத்திரியே பேசிடறேன். நாயி ஒண்ணு இருக்கும், கொலைக்கும், ஒண்ணும் பண்ணாது. நீ நிக்காத, நீ பாட்டுக்கு உள்ள வந்துடு."